செட்டிநாட்டில் முதியவர் காணாமற்போனால்: பொது அறிவிப்பும் தேடலும் – முழுமையான வழிகாட்டி

மறதி நோயுள்ள முதியவர் ஒருவர் வழிதவறிப்போனால், அமெரிக்காவின் பல மாநிலங்களில் காவல்துறை ‘சில்வர் அலர்ட்’ என்னும் பொது அறிவிப்பை வெளியிடுகிறது. அவர் காரை எடுத்துச் சென்றிருந்தால் அதன் பதிவெண் நெடுஞ்சாலை மின்பலகைகளில் ஒளிரும். வானொலியும் தொலைக்காட்சியும் அவருடைய அடையாளத்தைச் சொல்லும். 1996-ல் டெக்ஸாஸில் கடத்திக் கொல்லப்பட்ட ஒரு சிறுமியின் பெயரால் குழந்தைகளுக்காகத் தோன்றிய ‘ஆம்பர் அலர்ட்’ முறையைப் பின்பற்றி, அடுத்த பத்தாண்டில் முதியோருக்காக உருவானது இது. தென்கொரியாவில் 2021 ஜூன் முதல், காணாமற்போன முதியவரின் வயது, உயரம், உடை ஆகியவை அந்தப் பகுதியிலுள்ள கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தியாகப் போகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள குஷிரோவில் 1994-லேயே காவல்துறை, வாடகைக் கார் ஓட்டுநர்கள், உள்ளூர் வானொலி ஆகியோரை இணைத்து ஒரு தேடல் வலையமைப்பை ஏற்படுத்தினார்கள். இன்று அந்நாட்டின் பல ஊர்களில் பேரிடர்க்கால ஒலிபெருக்கிகளே காணாமற்போன முதியவர்களைப் பற்றியும் அறிவிக்கின்றன.

தமிழ்நாட்டில் முதியோருக்கென்று இத்தகைய தனி அறிவிப்பு முறை இல்லை. புயல், மழை எச்சரிக்கைகளைக் கைப்பேசிக்கு அனுப்பும் ‘சச்சேத்’ அமைப்பும், 2023-ல் நாடெங்கும் கைப்பேசிகளை அலறவைத்துச் சோதித்துப் பார்த்த செல் ஒலிபரப்பு முறையும் பேரிடருக்கென உருவாக்கப்பட்டவை. வீட்டை விட்டு நடந்துபோன ஓர் ஐயாவுக்காகவோ ஆச்சிக்காகவோ அவை ஒலிப்பதில்லை. இங்கே இருப்பவை தனித்தனிக் கண்ணிகள்: 112 என்னும் அவசர எண், காவல் நிலையம், பேருந்து நிலையத்து நேரக் காப்பாளர், இருப்புப்பாதைக் காவலர், கோயில் ஒலிபெருக்கி, தேநீர்க்கடை, வாட்ஸ்அப் குழு. இவற்றைச் சங்கிலியாகக் கோக்கும் வேலை குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. கோக்கும் வரிசை தவறினால் செய்தி சிங்கப்பூரையும் சிகாகோவையும் எட்டிவிடும். அடுத்த தெருவில் பால் ஊற்றுபவருக்கு எட்டாது. செட்டிநாட்டின் ஊரமைப்பையும் வீட்டமைப்பையும் மனத்தில் வைத்து அந்த வரிசையை இங்கே விளக்குகிறேன். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக்கும் பொன்னமராவதி, திருமயம் பக்கத்து ஊர்களுக்கும் இது பொருந்தும்.

படி 1: முதல் கால் மணி நேரம், வீட்டுக்குள்

மறதி நோயுள்ளவரைக் காணவில்லையென்றால் 15 நிமிடத்துக்கு மேல் நாமே தேடிக்கொண்டிராமல் காவல்துறையை அழைக்க வேண்டும் என்பது அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் அறிவுரை. இந்த 15 நிமிடத்தைச் செட்டிநாட்டு வீட்டில் செலவிடும் முறை வேறு. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டில், ஒருவர் முகப்பிலிருந்தும் மற்றொருவர் பின்கட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தேடத் தொடங்கி நடுவில் சந்திக்க வேண்டும். இல்லையென்றால் நாம் வளவை (முற்றத்தைச் சுற்றிய பகுதியை) பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டாங்கட்டைக் கடந்து மறுதெருவுக்குப் போய்விடக்கூடும். பங்காளிகளின் பூட்டிய அறைகள், மாடி, பண்டக அறை, கிணற்றடி, கழிவறை, நிறுத்தியிருக்கும் காரின் பின்னிருக்கை ஆகிய அனைத்தையும் பார்க்க வேண்டும். “பூட்டித்தானே இருக்கிறது” என்று எந்த அறையையும் விட்டுவிடக் கூடாது. உள்ளே போனவர் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல் பேசாது உட்கார்ந்திருப்பது நடக்கக்கூடியதே.

பெயர் சொல்லி அழைத்தால் பதில் வரும் என்று நம்ப வேண்டாம். மறதி நோயுள்ளவர்கள் பலர் அழைப்புக்குக் குரல் கொடுப்பதில்லை. உதவி கேட்டுக் கூவுவதுமில்லை. ஆகவே காதை நம்பாமல் கண்ணால் பார்த்தே ஓர் இடத்தைத் தள்ள வேண்டும்.

இதே நேரத்தில் வீட்டிலிருக்கும் மூன்றாமவர் எந்தச் செருப்பு இல்லை, கைத்தடி இருக்கிறதா, கண்ணாடி எங்கே, பணப்பையும் கைப்பேசியும் இருக்கின்றனவா, எந்தக் கதவு திறந்திருந்தது என்பவற்றைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியாக அவரைப் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். “காலையில்” என்பது தேடுபவருக்குப் பயன்படாது; “பால் வந்த பிறகு, காப்பி கொடுப்பதற்கு முன்” என்றால் பயன்படும்.

படி 2: 112, பிறகு காவல் நிலையம்

வீட்டுக்குள் இல்லையென்று உறுதியானதும் 112-ஐ அழைத்துவிட்டு, ஒருவர் நேரில் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் புகார் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அப்படியொரு விதி சட்டத்தில் எங்கும் இல்லை. யாராவது “நாளை வரை பாருங்கள்” என்று சொன்னால், காணாமற்போனவருக்கு மறதி நோய் இருப்பதையும், அவர் வேளைதோறும் இன்சுலினோ ரத்த அழுத்த மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் என்பதையும் எழுத்தில் கொடுத்து, அதன் மீது உடனடி நடவடிக்கை வேண்டுமெனக் கேளுங்கள். மருத்துவச் சீட்டின் நகலை இணைத்தால் அந்த மனுவின் எடை கூடும்.

மனு கொடுத்ததும் நிலையத்தில் மனு ரசீது தருவார்கள், நாம் சி.எஸ்.ஆர். என்று சொல்வது அதைத்தான். அதை வாங்காமல் திரும்பக் கூடாது. ஆனால் ரசீதோடு நின்றுவிடவும் கூடாது. ‘ஆண் காணவில்லை’ அல்லது ‘பெண் காணவில்லை’ என்று முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் விவரங்கள் காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். கணினி வலையில் முறையாக ஏறும்; பிற மாவட்டங்களில் கண்டெடுக்கப்படும் அடையாளம் தெரியாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், கைப்பேசியின் கோபுர இருப்பிடத்தைச் சேவை நிறுவனத்திடம் கேட்டுப் பெறவும் அதுவே வழி. நகைக்காக யாராவது அழைத்துச் சென்றிருக்கலாம் என்ற ஐயம் உண்மையிலேயே இருந்தால் அதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். கடத்தல் போன்ற குற்றத்தைப் பற்றிய தகவலை எல்லையைக் காரணம் காட்டி மறுக்காமல் எந்த நிலையமும் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. பதிவுசெய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஐயம் இல்லாத இடத்தில் காவலரை வேகப்படுத்துவதற்காக மட்டும் கடத்தல் கதையைச் சேர்ப்பதை நான் ஒப்புவதில்லை. தேடல் தவறான திசைக்குத் திரும்பிவிடும்.

எல்லை என்று சொல்லும்போது, செட்டிநாட்டுக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நமக்கு இது ஒரே நாடு, காவல்துறைக்கு அப்படியல்ல. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் புதுவயலும் சிவகங்கை மாவட்டம்; சில மாவட்டங்களைச் சேர்த்த காவல் பிரிவான சரகத்தில், ராமநாதபுரம் சரகத்தைச் சேர்ந்தவை. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள கடியாபட்டி, ராயவரம், அரிமளம் புதுக்கோட்டை மாவட்டம். திருச்சிச் சரகத்தில் அடங்குபவை. தேவகோட்டையிலிருந்து திருவாடானைப் பக்கம் போனால் ராமநாதபுரம் மாவட்டம் வந்துவிடும். ஒரு மாவட்டத்தின் கம்பியில்லாக் கருவியில் சொல்லப்படும் செய்தி பக்கத்து மாவட்டத்து ரோந்துக் காவலரின் காதில் தானாக விழுந்துவிடாது. எனவே புகார் கொடுக்கும்போதே, அண்டை மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் தகவல் அனுப்பும்படி ஆய்வாளரிடம் கேளுங்கள். அதோடு உறவினர் ஒருவரை ரசீதின் நகலுடன் எல்லைக்கு அந்தப் புறமுள்ள நிலையத்துக்கும் அனுப்புங்கள். இரண்டாவது புகார் தேவையில்லை. படமும் ரசீது எண்ணும் அங்கே இருந்தால் போதும்.

படி 3: அறிவிப்பை எழுதுதல்

அறிவிப்பின் பாதி வேலையைப் படம் செய்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் முதலில் எடுத்து நீட்டுவது மணிவிழாவிலோ சதாபிஷேகத்திலோ எடுத்த படத்தை: கழுத்து நிறைய மாலை, பட்டு வேட்டி, புதிதாக மழித்த முகம், ஒளிவிளக்கு வெளிச்சம். நான்கு நாள் தாடியோடு, சட்டையில்லாமல், வெயிலில் நடந்துபோகும் மனிதரை அந்தப் படத்தைக் கொண்டு யாராலும் அடையாளம் காண முடியாது. கடந்த சில மாதங்களுக்குள், வீட்டுக் கோலத்தில், நேருக்கு நேர் எடுத்த முகப்படம் ஒன்று. நிற்கும் விதமும் உடல்வாகும் தெரியும் முழு உருவப்படம் ஒன்று. இந்த இரண்டும் போதும். குழுப்படத்தில் வட்டமிட்டு அனுப்பாதீர்கள்.

வாசகம் சுருக்கமாக இருக்க வேண்டும். ஆனால் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதில் கவனம் தேவை. குடும்பப் பெருமையையும் விலாசங்களையும் நகரக் கோயிலையும் (நகரத்தார் பிரிவுக்குரிய கோயில்) அடுக்கிவிட்டு, உடுத்தியிருந்த துண்டின் நிறத்தை மறந்த அறிவிப்புகளைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பவருக்குத் தேவை கண்ணில் படும் அடையாளம்; பேச்சுக் கொடுக்க ஒரு சொல்; செய்ய வேண்டிய காரியம்; அழைக்க வேண்டிய எண். மாதிரியாக ஒன்றைத் தருகிறேன்:

“காணவில்லை. ஆண், வயது 78, மறதி நோய் உள்ளவர். ஜூன் 19, வியாழன் காலை 6.15 மணிக்குக் கானாடுகாத்தானில் வீட்டிலிருந்து நடந்து சென்றார். வெள்ளை வேட்டி, நீலக் கட்டம் போட்ட துண்டு, சட்டை இல்லை. உயரம் ஐந்தரை அடி, மெலிந்த உடல், நெற்றியில் விபூதி, இடக்காலைச் சற்று இழுத்து நடப்பார். ‘ஐயா’ என்று அழைத்தால் திரும்புவார். ஊரைக் கேட்டால் மலாக்கா என்பார். பார்த்தால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். தனியே விடாமல் உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்: … காவல் நிலையம்: … மனு ரசீது எண்: …”

தேதியும் கிழமையும் நேரமும் படத்தின் மீதே எழுதப்பட்டிருக்க வேண்டும். வாசகமும் படமும் தனித்தனியாக இருந்தால், மூன்றாவது முறை பகிரப்படும்போது படம் மட்டும் மிஞ்சும். அழைப்பு எண் இரண்டு போதும். இரண்டும் உள்ளூரில், எப்போதும் எடுக்கக்கூடியவர்களிடம் இருக்க வேண்டும். தேடி அலைபவரின் எண்ணைக் கொடுத்தால், சிக்னல் இல்லாத கண்மாய்க்கரையில் அவர் நிற்கும்போது அந்த ஒரே ஓர் அழைப்பு தவறிப்போகும்.

சில விவரங்கள் அறிவிப்பில் வரக் கூடாது. ஆதார் எண், வீட்டுக் கதவு எண், “வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார்” என்ற செய்தி, அணிந்திருக்கும் நகையின் மதிப்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஆச்சி வைரத்தோடு போட்டிருந்தால் அதைக் காவல்துறைக்குச் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்ல வேண்டாம். சன்மானத் தொகை அறிவிப்பதையும் முதல் நாளிலேயே செய்யாதிருப்பது நல்லது. அது உதவுபவர்களைவிட ஏமாற்றுபவர்களையே விரைவில் அழைத்துவருகிறது.

படி 4: அறிவிப்பு யாரிடம் போக வேண்டும்

சாலையில் இருப்பவர்களுக்கே முதலில் சொல்ல வேண்டும். அதிகாலையில் பால்காரர், நாளிதழ் போடும் பையன், கீரை விற்பவர். பகலில் ஆட்டோ நிறுத்தம், சிற்றுந்து ஓட்டுநர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், ஆடு மாடு மேய்ப்பவர். இரவில் நெடுஞ்சாலைத் தேநீர்க்கடை, பெட்ரோல் பங்க், ஏ.டி.எம். காவலாளி. இவர்களில் பலர் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இல்லை. ஆகவே அச்சிட்ட தாள்களோடு நேரில்தான் போக வேண்டும்.

பேருந்தைப் பொறுத்தவரை, பணப்பை வீட்டில் இருக்கிறது என்பதால் அவர் பேருந்து ஏறியிருக்க மாட்டார் என்று முடிவுசெய்யாதீர்கள். 2021 மே மாதத்திலிருந்து அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; கையில் காசே இல்லாத அப்பத்தா ஒருவர் வீட்டருகே ஏறி, பேருந்து மாறி மாறித் தொலைவாகப் போய்விட முடியும். நடத்துநருக்கு அவர் நூற்றில் ஒரு பயணி. ஐயம் எழக் காரணமில்லை. பேருந்து நிலையத்திலுள்ள நேரக் காப்பாளரிடம், காணாமற்போன நேரத்துக்குப் பிறகு அந்த நிறுத்தத்தைக் கடந்த பேருந்துகள் எவை என்று கேட்டு, அவற்றின் நடத்துநர்களுக்கு அவர் வழியாகவே படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பணி மாறி வீட்டுக்குப் போய்விட்ட நடத்துநரையும் கிளைப் பணிமனை மூலம் எட்டலாம்.

ரயிலில் காரைக்குடி சந்திப்பிலிருந்து மூன்று திசைகள் பிரிகின்றன: செட்டிநாடு, திருமயம் வழியாகத் திருச்சிக்கு, கல்லல், சிவகங்கை வழியாக மானாமதுரைக்கு, கண்டனூர் புதுவயல், அறந்தாங்கி வழியாகத் திருவாரூருக்கு. சென்னைக்கும் ராமேசுவரத்துக்கும் போகும் வண்டிகளும் இங்கே நிற்கின்றன. ஆகவே 139 என்ற ரயில்வே எண்ணுக்குச் சொல்வதோடு, நிலையத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையினரிடமும் இருப்புப்பாதைக் காவலர்களிடமும் நேரில் படத்தைக் கொடுத்து, கடைசி நிலையங்களுக்கும் தகவல் சொல்லக் கேட்க வேண்டும். ஆளில்லாத சிறு நிலையங்களின் நடைமேடை இருக்கைகளை நாமே போய்ப் பார்க்க வேண்டும்.

ஜப்பான் பேரிடர் ஒலிபெருக்கியால் செய்வதை நாம் கோயில் ஒலிபெருக்கியாலும், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவாலும் செய்யலாம். காவல் நிலையத்தில் சொல்லி அனுமதி பெற்றுக்கொண்டு, ஊராட்சித் தலைவர் மூலமோ கோயில் காரியக்காரர் மூலமோ ஏற்பாடு செய்யுங்கள். மெதுவாக, உடையின் நிறத்தையும் அழைக்க வேண்டிய எண்ணையும் இருமுறை சொல்ல வேண்டும். என் மதிப்பீட்டில், ஊருக்குள் காணாமற்போன முதல் இரண்டு மணி நேரத்தில் இதைவிட வலிமையான கருவி வேறில்லை: கைப்பேசியே பார்க்காத பாட்டிமார்களும் திண்ணையிலிருந்து எழுந்து தெருவைப் பார்ப்பார்கள். பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளையும் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டி போன்ற கோயில்களிலும், இளையாற்றங்குடி, மாத்தூர், இரணியூர் முதலான நகரக் கோயில்களிலும், அன்னதானம் நடக்கும் இடங்களிலும் படம் இருக்க வேண்டும். வழிதவறிய முதியவர் பசித்த வேளையில் கூட்டத்தோடு பந்தியில் உட்கார்ந்துவிடுவது இயல்பு. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆண்டுதோறும் காவடியோடு நடந்தவருக்கு அந்த நினைவு மற்றவை மறந்த பின்னும் எஞ்சியிருக்கக்கூடும்.

இவ்வளவும் செய்த பிறகே வாட்ஸ்அப். உள்ளூர்க் குழுக்கள் முதலில், பங்காளிகள் குழு அடுத்து, உலகளாவிய குழுக்கள் கடைசியில். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் செய்தியைப் பகிர்ந்துகொண்டே இருப்பதைவிட, தொலைபேசிப் பணியை ஏற்றுக்கொள்வது பயன் தரும். நமக்கு நள்ளிரவாகும்போது அமெரிக்காவில் பகல். இங்கே தேடியவர்கள் அயர்ந்து உறங்கும் நேரத்தில் மருத்துவமனைகளையும் காவல் நிலையங்களையும் வரிசையாக அழைத்து, யார் என்ன சொன்னார்கள் என்று பொதுவான ஒரு தாளில் குறித்துவைப்பதை அங்கிருப்பவர் செய்யலாம்.

படி 5: களத்தில் தேடுதல்

வழிதவறும் மறதி நோயாளர்களில் பெரும்பாலோர் புறப்பட்ட இடத்திலிருந்து ஓரிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே கண்டுபிடிக்கப்படுகிறார்கள். எனவே வண்டி எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போவதற்கு முன், ஊரைச் சுற்றி நடந்து தேட வேண்டும். இவர்களைப் பற்றித் தேடல் வல்லுநர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று, தடுக்கப்படும் வரை நேராகப் போவார்கள் என்பது. புதரிலோ வேலியிலோ பள்ளத்திலோ சிக்கினால், திரும்பிவரத் தோன்றாமல் அங்கேயே நின்றுவிடுவார்கள். செட்டிநாட்டில் இதன் பொருள் சீமைக்கருவேலங்காடு. தெருக்கள் கட்டம் கட்டமாக, நேர்கோட்டில் ஊர் எல்லை வரை போகின்றன. எல்லையில் முள்காடு தொடங்குகிறது. ஆகவே அவர் புறப்பட்ட தெருவின் இரு முனைகளையும், அந்தக் கோட்டை நீட்டினால் எங்கே முட்டுமோ அந்த இடத்தையும் முதலில் பாருங்கள். முகப்பு வாசலா பின்வாசலா என்று படி 1-ல் குறித்துக்கொண்டது இங்கே உதவும்.

ஊருணிப் படித்துறை, கண்மாய்க்கரை, மழைக்காலமானால் வரத்துக்கால்வாய், மூடாத கிணறு ஆகியவற்றைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும். நீரில் இறங்கித் தேட வேண்டுமென்றால் தீயணைப்பு மீட்புப் படையினரை 112 வழியாக அழையுங்கள். வீட்டு இளைஞர்களை இறக்க வேண்டாம். வருடக்கணக்காகப் பூட்டிக்கிடக்கும் வீடுகள் நம் ஊர்களில் தெருத்தெருவாக இருக்கின்றன. அவற்றின் திண்ணை, இடிந்த பின்கட்டு, சுற்றுச்சுவர் உட்புறம் ஆகிய இடங்களைச் சாவி வைத்திருக்கும் காவல்காரரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் நிழல் தேடி அங்கே ஒதுங்குவது யாருக்கும் இயல்பே.

அடுத்து, நினைவு இழுக்கும் இடங்கள். பிறந்த வீடு, முன்பு நடத்திய கடை, வேலைபார்த்த பள்ளி, மணமான புதிதில் இருந்த ஊர். அவர் அண்மையில் எதைப் பற்றி அடிக்கடி பேசினார் என்று வீட்டில் சமைப்பவரையும் கூட இருந்து பார்த்துக்கொள்பவரையும் கேளுங்கள். பெற்ற பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் இது தெரிந்திருக்கும். “பெட்டியடிக்கு (கடையின் கல்லாவுக்கு) நேரமாச்சு” என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் எந்தத் திசையில் போயிருப்பார் என்பது பழைய கடை இருந்த தெருவை அறிந்தவருக்கு விளங்கும்.

தேடிய இடங்களை ஒரு வரைபடத்தில் நேரத்தோடு குறியுங்கள். சிலமணி நேரம் கழித்து அதே இடங்களை மீண்டும் பார்க்க வேண்டும், ஏனெனில் அவர் நகர்ந்துகொண்டிருக்கிறார். கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்து அவற்றின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். பார்க்க நேரமில்லாவிட்டாலும் அந்த நேரத்துப் பதிவைச் சேமித்துவைக்கும்படி அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: மருத்துவமனைகளும் காப்பகங்களும்

சாலையோரம் மயங்கி விழுந்தவரை 108 ஊர்தி அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும். அங்கே அவர் ‘பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 75’ என்று பதிவாகியிருப்பார். எனவே பெயரைச் சொல்லி விசாரித்தால் “அப்படி யாரும் இல்லை” என்றே பதில் வரும். அடையாளம் தெரியாதவராக யாரேனும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகள், சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், பிறகு மதுரை ராஜாஜி மருத்துவமனை என்பது விசாரிக்கும் வரிசை. சவக்கிடங்கையும் கேட்கத்தான் வேண்டும். அந்தப் பணியை நெருங்கிய குடும்பத்தார் அல்லாத ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-ன் 100ஆம் பிரிவு, மனநலம் பாதிக்கப்பட்டு அலைந்து திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் கடமையையும், அவருடைய குடும்பத்தைத் தேடும் கடமையையும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு அளிக்கிறது. மறதி நோயாளரையும் காவலர் அந்த வழியில் ஒரு காப்பகத்தில் சேர்த்திருக்கக்கூடும். ஆகவே மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிவுபெற்ற முதியோர் இல்லங்கள், மீட்பு மையங்களின் பட்டியலைக் கேட்டு விசாரியுங்கள். 14567 என்னும் முதியோர் உதவி எண் ஆதரவற்ற முதியோரை மீட்பதிலும் உதவுகிறது. அது காலை 8 முதல் இரவு 8 மணி வரை இயங்குவது.

படி 7: வரும் அழைப்புகளைக் கையாளுதல்

எண் பொதுவெளிக்குப் போனதும் அழைப்புகள் வரும். உண்மையாகப் பார்த்தவரிடம் நேரம், இடம், உடை, போன திசை ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்களே உடையின் நிறத்தைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். “உங்கள் தந்தை எங்களிடம் இருக்கிறார், மருத்துவச் செலவுக்குப் பணம் அனுப்புங்கள்” என்று அழைப்பவரிடம் காணொளி அழைப்பில் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் எண்ணைக் காவல்துறையிடம் கொடுத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுங்கள். ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

நாட்கள் கடந்துவிட்டால், உள்ளூர்க் கேபிள் ஓடுவரியும் நாளிதழ் அறிவிப்பும் தேவைப்படும். பிற மாவட்டங்களில் வெளியாகும் பதிப்புகளிலும் போடுங்கள். கண்டெடுக்கப்பட்டவர்களின் படங்களோடு முகம் ஒப்பிடும் மென்பொருள் தமிழ்நாடு காவல்துறையிடம் இருக்கிறது; அதில் தேடும்படி விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் கருத உண்மையான காரணம் இருந்தால் மட்டுமே, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு பொருந்தும். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டும் அதன் எல்லையில் அடங்கியவை.

படி 8: கிடைத்த பிறகு

பார்த்தவர் அவரைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கக் கூடாது. முன்பக்கமாக வந்து, உறவுமுறை சொல்லி அழைத்து, அவர் சொல்லும் ஊரை மறுக்காமல், “வாங்க ஐயா, கொஞ்சம் உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்று நிறுத்த வேண்டும். வீட்டார் வந்ததும் அதட்டவோ அழவோ கூடாது. நேரே மருத்துவரிடம் போய் நீரிழப்பு, சர்க்கரை அளவு, பாதப் புண், விழுந்த காயம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இதுவரை தெளிவாக இருந்தவர் திடீரெனக் குழம்பி வெளியேறியிருந்தால், சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்புச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை போன்ற சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். அதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

அன்றே காவல் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டும். பரப்பிய ஒவ்வொரு குழுவிலும், அதே படத்தின் மீது ‘கிடைத்துவிட்டார்’ என்று தேதியோடு எழுதி மீண்டும் அனுப்புங்கள். ஒட்டிய தாள்களைக் கிழித்து எடுங்கள். இதைச் செய்யாததால்தான் ஆண்டுக்கணக்கில் பழைய அறிவிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மக்களும் புதிய அறிவிப்பைக் கண்டாலும் கடந்துபோகப் பழகிவிட்டார்கள்.

படி 9: முன்னேற்பாடு

காலவரிசைப்படி இதுவே முதற்படி. பதற்றத்தோடு இந்த வழிகாட்டியைத் திறப்பவர் தேடலுக்கான படிகளை முதலில் காண வேண்டும் என்பதற்காகக் கடைசியில் வைத்தேன். மறதி நோயுள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஒருமுறையேனும் வழிதவறுவார்கள் என்று அமெரிக்க அல்சைமர் சங்கம் சொல்கிறது. ஒருமுறை போனவர் மறுமுறையும் போகலாம்.

இங்கிலாந்தில் ‘ஹெர்பர்ட் நெறிமுறை’ என்ற படிவம் ஒன்று உண்டு. நார்மண்டிப் போரில் பங்கேற்று, முதுமையில் மறதி நோயோடு வாழ்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவரின் பெயரால் அமைந்த அந்தப் படிவத்தைக் குடும்பத்தார் முன்கூட்டியே நிரப்பி வைத்திருப்பார்கள். ஆள் காணாமற்போனால் அப்படியே காவலரிடம் கொடுத்துவிடலாம். அதை நாமும் ஒரு தாளில் செய்துகொள்ளலாம். படம் இரண்டு, உடல் அடையாளங்கள், மருந்துகள், அழைத்தால் திரும்பும் பெயர், பேசும் மொழிகள், பழைய முகவரிகள், பிடித்த கோயில், வழக்கமாக நடக்கும் பாதை, கைப்பேசிக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண். ஒரு படி வீட்டில், ஒன்று எதிர்வீட்டில், ஒன்று அதே வளவில் பங்குள்ள பங்காளியிடம், ஒன்று வெளியூரிலுள்ள பிள்ளையின் கைப்பேசியில். முதியவர் தனியே வசிக்கிறார் என்பதைப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்பே சொல்லிவைக்கலாம்.

அவர் உடலோடு இருக்கும் அடையாளம் எளிமையாக இருக்கட்டும். ஜப்பானின் இருமா நகரில் 2016-ல் விரல்நகத்தில் ஒட்டும் க்யூ.ஆர். குறியீட்டையே வழங்கினார்கள். நமக்குத் துண்டின் ஓரத்திலும் சேலைத் தலைப்பின் உட்புறத்திலும் தைத்த தொலைபேசி எண்ணோ, எண் பொறித்த எஃகு வளையமோ போதும். அருகிலுள்ள பிறர் கைப்பேசிகளை நம்பி இயங்கும் சிறு குறிவில்லைகள் சென்னையில் வேலை செய்வதுபோல ஆளரவமற்ற கருவேலங்காட்டில் வேலை செய்யா. சிம் அட்டையோடு இயங்கும் ஜி.பி.எஸ். கருவி மேலானது, ஆனால் அதற்குத் தினமும் மின்னேற்ற ஓர் ஆள் வேண்டும். விலையுயர்ந்த நகைகளை, மனம் நோகாமல் பேசி, கவரிங்காக மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள்.

கதவுகளில் முகப்புக்கு மணி கட்டினால் பின்வாசலுக்கும் கட்டுங்கள். வெளியே பூட்டிவிட்டுப் போவது தீ விபத்தில் உயிரைப் பறிக்கும், அதைச் செய்யாதீர்கள். தாளிலுள்ள படத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மருந்துப் பட்டியலை மருத்துவர் மாற்றும்போதெல்லாமும் புதுப்பித்து, பழைய படிகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.